ஜனநாயகம் சரிப்படலைன்னா வேற என்னங்க வழி? கொங்கு நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விரலில் வைத்த மை அழிவதற்குள் நம்ம பக்கம் பேச்சு ஆரம்பித்துவிடும். பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, பனியன் கம்பெனி டீ டைமிலும் சரி, "இந்த ஓட்டுப் போடுற முறையே தண்டமுங்க" என்று யாராவது ஒருத்தர் தொடங்குவார், பத்துப் பேர் தலையாட்டுவார்கள். அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே போட்டிருக்கிறேன். எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்கவில்லை, நடுவில் என் சொந்தக் கருத்து வரும், பிடிக்காவிட்டால் தாண்டிப் போகலாம்.

ஏனுங்க, ஜனநாயகத்துல குறையே இல்லைன்னு சொல்ல வர்றீங்களா?

இல்லை. குறை ஏராளம், அதில் ஒன்று நம்ம ஆற்றையே கொன்றிருக்கிறது. முதலில் அதையெல்லாம் பார்ப்போம், அப்புறம் ராஜா, ராணுவம், சிங்கப்பூர் என்று போகலாம்.

நூத்துக்கு நாப்பது சொச்சம் ஓட்டு வாங்கினவங்க எப்படிங்க எல்லா சீட்டையும் அள்ளிக்கறாங்க?

2014 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. தனியாக நின்று சுமார் 44 சதவீத ஓட்டு வாங்கியது, ஜெயித்தது 39-இல் 37 தொகுதி. தி.மு.க. கிட்டத்தட்ட 24 சதவீதம் வாங்கியது, ஒரு தொகுதிகூட இல்லை. வடக்கே பகுஜன் சமாஜ் கட்சிக்கு இரண்டு கோடிக்கு மேல் ஓட்டு விழுந்தும் அந்த மக்களவைக்குள் ஒருவர்கூடப் போகவில்லை. கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் எல்லாம் 2014-இல் ஒரு பக்கம், 2019-இல் அத்தனையும் அப்படியே எதிர்ப்பக்கம். தொகுதியில் முதலில் வந்தவருக்கு எல்லாம், இரண்டாவது வந்தவருக்கு ஒன்றுமில்லை என்று எண்ணினால் இப்படித்தான் ஆகும்.

ஓட்டு விகிதப்படி பிரித்திருந்தால் 2014-இல் அ.தி.மு.க.வுக்கு 17, தி.மு.க.வுக்கு 9 என்கிற மாதிரி வந்திருக்கும். நியூசிலாந்தில் நம்மைப் போலவேதான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1993-இல் மக்களிடமே கேட்டு மாற்றி, 1996-இலிருந்து ஒருவருக்கு இரண்டு ஓட்டு என்று வைத்துவிட்டார்கள், ஒன்று தொகுதி ஆளுக்கு, ஒன்று கட்சிக்கு. ஜெர்மனியிலும் அடிப்படை இதுதான். இதில் தொல்லையே இல்லையா என்றால், இருக்கிறது. விகித முறை உள்ள பெல்ஜியத்தில் 2010 தேர்தலுக்குப் பிறகு கூட்டணி படியாமல் 541 நாள் காபந்து அரசே ஓட்டியது. எனக்கு நியூசிலாந்து ஏற்பாடு பிடிக்கும், ஏனென்றால் சாக்கடை அடைத்தால் போய்ச் சண்டை போட நம்ம தொகுதி எம்.எல்.ஏ. என்று ஓர் ஆள் அதிலும் மிச்சம் இருப்பார்.

பெரும்பான்மை சொல்றதுதானுங்களே நியாயம்?

நொய்யல் ஆற்றைப் பார்த்தபிறகும் இதைக் கேட்கலாமா? திருப்பூரில் சாயப்பட்டறை பெருகியபோது ஊரே அதில் பிழைத்தது. முதலாளி, தொழிலாளி, லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டவர், மெஸ் நடத்தியவர், எல்லாருக்கும் அதில் பங்கு. கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கு என்று அணை கட்டி 1992-இல் திறந்தார்கள். சில வருடத்திலேயே அது சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயியே கெஞ்சும் நிலைமை உலகத்தில் வேறெங்காவது இருந்திருக்குமா தெரியவில்லை. கிணறெல்லாம் உப்பு, தென்னை கருகிப்போனது, மாடு அந்தத் தண்ணீரில் வாய் வைக்காது.

இப்போது ஓட்டை எண்ணிப் பாருங்கள். மேலே லட்சக்கணக்கில், கீழே சில ஆயிரம் குடும்பம். எந்தக் கட்சி கீழே இருப்பவன் பக்கம் நிற்கும்? யாரும் நிற்கவில்லை என்றே சொல்லலாம். கடைசியில் ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டு, வருடக்கணக்கில் அலைந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் எழுநூறு சொச்சம் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறினால்தான் திறக்கலாம் என்று ஆனது. நீதிபதியை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தலை எண்ணுவது மட்டும்தான் ஜனநாயகம் என்றால் நொய்யலில் அது படுதோல்வி. வழக்குப் போடவும், தண்ணீர் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கவும், பத்திரிகையில் எழுதவும் கீழே இருப்பவனுக்கு வழி இருந்ததும் ஜனநாயகத்தில் சேர்த்தி என்றால், தாமதமாகவாவது வேலை செய்தது. ஏற்றுமதிதான் முக்கியம் என்று முடிவெடுத்த ஒற்றை ஆளின் ஆட்சியில் அந்த விவசாயி எந்தக் கதவைத் தட்டியிருப்பார்?

அடுத்த தேர்தலுக்கு அப்பால யாருமே யோசிக்கறதில்லையே?

உண்மை, இதற்கு நான் சொல்லும் உதாரணம் நம்ம ஆட்களுக்கே பிடிக்காது. 1970-இல் மின்சாரக் கட்டணத்தை யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்துப் போராடிய விவசாயிகளில் மூன்று பேர் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் நியாயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். எண்பதுகளில் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்து, பிறகு எல்லாருக்கும் ஆனது. ஆனால் அதற்கப்புறம் என்ன நடந்தது? மோட்டார் ஓடுவதற்குக் கணக்கே இல்லாமல் போய், கிணறு வற்றி, போர் போட்டு, இன்றைக்குப் பல்லடம், அவிநாசிப் பக்கம் ஆயிரம் அடிக்குக் கீழே போனாலும் புகைதான் வருகிறது. நிலத்தடி நீரை மிச்சம் பிடிக்கிறவருக்கு அந்தச் சலுகையிலேயே ஏதாவது ஊக்கம் வையுங்கள் என்று பேசக்கூட எந்தக் கட்சிக்கும் தைரியம் இல்லை. பேசினால் டெபாசிட் போய்விடும்.

அத்திக்கடவு அவிநாசித் திட்டமும் அப்படித்தான். அறுபது வருடமாக ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதி, கடைசியில் 2024 ஆகஸ்டில்தான் 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குத் தண்ணீர் விடும் திட்டமாகத் திறந்தார்கள். "சர்வாதிகாரி இருந்திருந்தா ரெண்டு வருசத்துல முடிஞ்சிருக்கும்" என்பார்கள். சரி, பவானிசாகர் அணை 1948-இல் ஆரம்பித்து 1955-இல் முடிந்தது. பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் மலையைக் குடைந்து, கேரளாவோடு ஒப்பந்தம் பேசி, பொள்ளாச்சி, உடுமலைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதெல்லாம் தேர்தலில் நின்று ஜெயித்தவர்கள் காலத்தில் நடந்ததுதானே.

ஓட்டுக்குக் காசு?

இதில் நம்ம பக்கத்துக்கு ஒரு தனிப் "பெருமை" உண்டு. 2016-இல் கரூர் மாவட்டம் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பண வினியோகம் தாங்காமல் தேர்தல் ஆணையம் சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பையே ரத்து செய்தது, பணத்துக்காக அப்படி ரத்தானது நாட்டிலேயே முதல்முறை. 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் வாக்காளர்களைக் கொட்டகையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று புகார் எழுந்ததும் நினைவிருக்கும். சட்டமன்ற வேட்பாளர் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். அதை நம்புகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். காசு வாங்குகிறவரைத் திட்டுவது சுலபம், ஆனால் அவர் கணக்கு வேறு: ஐந்து வருடத்தில் நிச்சயமாகக் கைக்கு வருவது இது ஒன்றுதான் என்று பட்டால் வாங்கத்தான் செய்வார்.

எதிர்ப்பைக் காட்ட எல்லாரும் தேர்தல்ல நின்னுட்டா?

அதையும் செய்து பார்த்தாயிற்று. 1996-இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறையை யாரும் கேட்கவில்லை என்று கும்பல் கும்பலாக மனுத்தாக்கல் செய்து, மொத்தம் 1,033 வேட்பாளர். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்து, தேர்தலை ஒரு மாதம் தள்ளி வைத்து நடத்தினார்கள். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட இல்லை, அதாவது அவரே அவருக்குப் போடவில்லை. சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்று வந்ததும் அதே வருடம்தான். குறை தீர்ந்ததோ இல்லையோ, கதவை இன்னும் கொஞ்சம் சாத்திவிட்டார்கள்.

படிக்காதவனுக்கும் எனக்கும் ஒரே ஓட்டா?

படித்தவருக்கும் சொத்துள்ளவருக்கும் மட்டும் என்பது புது யோசனை இல்லை. 1920-இல் சென்னை மாகாணத்தில் முதல் தேர்தல் அப்படித்தான் நடந்தது, ஜனத்தொகையில் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் ஓட்டு. கேட்கிறவரின் தாத்தாவுக்கு அநேகமாக இருந்திருக்காது. 1986 வரை நம்ம சட்ட மேலவையில் பட்டதாரிகள் தொகுதி என்றே தனியாக இருந்தது. அங்கிருந்து வந்தவர்கள் மற்றவர்களைவிட யோக்கியமாக நடந்தார்கள் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இன்னொன்று, ரேஷன் கடையில் அரிசி எப்படி இருக்கிறது என்பது பி.எச்.டி. படித்தவருக்குத் தெரியாது, அதை வாங்கிச் சமைப்பவருக்குத்தான் தெரியும்.

சிங்கப்பூர் மாதிரி ஒரு லீ குவான் யூ, இல்லைன்னா ராணுவம்?

எல்லாரும் கேட்பது இதைத்தான். சிங்கப்பூரிலும் தேர்தல் உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020-இல் ஆளுங்கட்சி 61 சதவீத ஓட்டில் 93-க்கு 83 சீட் எடுத்தது, மேலே சொன்ன வியாதி அங்கேயும் இருக்கிறது. அந்த நாட்டின் முதல் பிரதமர் லீ திறமைசாலிதான். சிக்கல் என்னவென்றால் அதிகாரத்தை மொத்தமாகக் கொடுத்தபிறகுதான் வந்திருப்பது லீயா, பர்மாவின் நே வின்னா என்று தெரியும். 1962-இல் ராணுவத்தோடு வந்த நே வின் கடைகளை அரசுடைமையாக்கியதில் நம்ம தமிழர்கள் எத்தனை குடும்பம் கட்டிய துணியோடு கப்பல் ஏறி வந்தது! 1987-இல் அவர் 25, 35, 75 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றார். புதுசாக வந்தவை 45, 90 கியாட் நோட்டு, ஒன்பதால் வகுபடும் எண் என்பதற்காக. அரிசி ஏற்றுமதி செய்த நாடு கடைசியில் உலகின் மிக ஏழை நாடுகள் பட்டியலில் சேர்ந்தது.

விவசாயம் தெரிந்தவர்களுக்கு இலங்கையைச் சொன்னால் போதும். 2021-இல் கோத்தபய ராஜபக்ச ஒரே அறிவிப்பில் ரசாயன உரத்துக்குத் தடை போட்டார். இயற்கை விவசாயம் நல்லதுதான், ஆனால் ஒரே போகத்தில் மாறு என்றால் எந்தத் தோட்டம் தாங்கும்? நெல்லும் தேயிலையும் விழுந்து, நவம்பருக்குள் தடையைத் திரும்ப வாங்கினார். அவர் தேர்தலில் ஜெயித்து வந்தவர்தான், ஆனால் ஜனாதிபதிக்கு அதிகாரத்தைக் கூட்டிய 20-ஆம் அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அவரைத் தடுத்து நிறுத்தும் கை குறைந்துவிட்டது. அடுத்த ஜூலையில் நாட்டைவிட்டே ஓடினார்.

நம்ம எமர்ஜென்சியை "ரயில் நேரத்துக்கு ஓடுச்சு" என்று புகழும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த 21 மாதத்துக்குள் வரும் 1976-77 என்ற ஒற்றை ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவை நடந்தது, வடக்கே ஏகப்பட்ட இடத்தில் கட்டாயப்படுத்தி.

அப்ப ராஜாக்கள் காலம்? காலிங்கராயன் வெட்டின வாய்க்கால் இன்னும் ஓடுதே?

ஓடுகிறது, பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவானியில் அணை கட்டி, கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து வெட்டியது, அதற்கு நானும் கும்பிடு போடுகிறேன். ஆனால் அந்தக் கதையின் மீதியையும் சொல்ல வேண்டும். தன் நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகத்தான் வெட்டினான் என்று ஊர் பேசியதாம். அதைக் கேட்டு, என் வம்சத்தார் இந்த வாய்க்கால் தண்ணீரைத் தொட மாட்டார்கள் என்று சபதம் செய்து, குடும்பத்தோடு பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்கே போய்விட்டதாகச் சொல்வார்கள். அப்படி ரோஷப்படும் ஆள் ஆட்சிக்கு வந்தால் சரி. ரோஷமே இல்லாத ஆள் அவருக்குப் பிள்ளையாகப் பிறந்தால்?

கேட்க ஆளில்லாத ஆட்சி பஞ்சத்தில்தான் முழுசாகத் தெரியும். தாது வருடப் பஞ்சம், 1876 முதல் 78 வரை, சேலம், கோவை ஜில்லாக்களையும் உலுக்கியது. ஜனம் செத்துக்கொண்டிருக்கையில் தானியம் கப்பலேறியது, ஏனென்றால் ஆண்டவர்கள் இங்கே யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டும் சுதந்திரமான பத்திரிகையும் இருக்கும் நாட்டில் பெரும் பஞ்சம் வருவதில்லை என்று அமர்த்தியா சென் சொல்வது இதனால்தான்.

ஒரு நல்ல எம்.டி. கம்பெனி நடத்தற மாதிரி நாட்டை நடத்தலாமே?

கம்பெனியில் ஆள் சரியில்லை என்றால் கணக்கு முடித்து அனுப்பலாம், குடிமகனை எங்கே அனுப்புவது? இதைக் கேட்கிற திருப்பூர் நண்பர்களுக்கு ஒரு எதிர்க்கேள்வி. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள்தான் இன்றைக்கு உங்கள் மிஷினை ஓட்டுகிறார்கள், அவர்களில் பெரும்பாலானவருக்கு இங்கே ஓட்டு இல்லை, சொந்த ஊருக்குப் போய்ப் போடச் செலவும் லீவும் இல்லை. வெளியூரிலிருந்தே ஓட்டுப் போடும் இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2022 கடைசியில் முன்வைத்தது, கட்சிகள் எதிர்த்ததில் நின்றுபோனது. ஜனநாயகத்தில் உண்மையான ஓட்டை எது என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அரசியல்வாதியே வேண்டாம், ஐ.ஏ.எஸ். அதிகாரிகளே நடத்தட்டுமே?

இது நடந்து முடிந்த கதை, யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்து நடக்க வேண்டிய தேர்தல், கோர்ட் வழக்கில் மாட்டிக்கொண்டது. கிராமப்புறத்தில் 2019 டிசம்பரில்தான் ஓட்டுப்பதிவு, நகரங்களில் 2022 பிப்ரவரி. அதாவது கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் மாநகராட்சிகளை ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். மேயர் கிடையாது, கவுன்சிலர் கிடையாது, கட்சிச் சண்டை கிடையாது, மாற்று கேட்பவர்கள் கனவு காணும் ஏற்பாடு அப்படியே.

என்ன ஆனது? வார்டில் குழாய் உடைந்தால் யாரிடம் போவது என்றே தெரியவில்லை. கவுன்சிலர் கமிஷன் அடிப்பார்தான், ஆனால் காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்று நாலு வார்த்தை திட்டலாம். கமிஷனர் வீட்டு வாசலில் நிற்க முடியுமா? தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. கோவையின் 24 மணி நேரக் குடிநீர் வினியோகத்தை 26 ஆண்டுக்கு சூயஸ் நிறுவனத்திடம் கொடுத்த ஒப்பந்தம் வெளியே வந்ததும் இந்தக் காலத்தில்தான், 2018-இல். ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்பது தனி வாதம். ஒரு தலைமுறைக்குத் தண்ணீர் யார் கையில் என்பதை முடிவு செய்யும்போது, எழுந்து நின்று "அந்தப் பக்கத்தைப் படிச்சுக் காட்டுங்க" என்று கேட்க மன்றத்தில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. அதிகாரிகள் மோசமானவர்கள் என்று சொல்லவில்லை, சிலர் பிரமாதமாக வேலை செய்தார்கள். அவர்கள் பதில் சொல்ல வேண்டியது சென்னைக்கு, நமக்கு இல்லை.

குடவோலை மாதிரி சீட்டுக் குலுக்கி எடுத்தா என்னங்க?

எனக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் முழு விதிமுறையும் இருக்கிறது. முப்பது குடும்பு (இன்றைய வார்டு மாதிரி), ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுப்பது, வயது 35-லிருந்து 70, பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. அந்தக் கடைசி விதியை இன்றைக்குப் போட்டால் எத்தனை தொகுதி காலியாகும் என்று யோசியுங்கள். ஆனால் அது பிராமணர் ஊர்ச் சபை. நிலமும் சொந்த வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் ஓலைதான் குடத்துக்குள் போனது, உங்கள் முப்பாட்டனுடையதும் என்னுடையதும் போகவில்லை. மேடையில் இதை "அன்றே ஜனநாயகம்" என்று முழங்குகிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுவார்கள்.

எல்லார் பெயரையும் போட்டுக் குலுக்கினால்? அயர்லாந்தில் 2016-இல் அப்படி 99 சாதாரண ஆட்களை எடுத்து, ஒரு நீதிபதியைத் தலைவராக வைத்து, கருக்கலைப்பு விவகாரத்தை மாதக்கணக்கில் விவாதிக்க விட்டார்கள். அரசியல்வாதிகள் பல வருடம் தொடப் பயந்த விஷயம் அது. அவர்கள் பரிந்துரைத்ததை 2018 பொது வாக்கெடுப்பில் 66 சதவீதம் பேர் ஏற்றார்கள். பழைய ஏதென்ஸிலும் ஐந்நூற்றுவர் சபையைக் குலுக்கித்தான் எடுத்தார்கள், தளபதி மாதிரிச் சில பதவிக்கு மட்டும் ஓட்டுப் போட்டு. நொய்யல், இலவச மின்சாரம் மாதிரி, கட்சிகள் வாய் திறக்கப் பயப்படும் விஷயத்துக்கு இது தோதான வழி என்பது என் எண்ணம். முழு ஆட்சியையும் கொடுக்க மாட்டேன். அடுத்த முறை ஓட்டு வேண்டும் என்ற பயமே அவர்களுக்கு இருக்காதே.

எல்லாத்தையும் மக்களிடமே கேட்டுடலாமே, சுவிட்சர்லாந்து மாதிரி?

அங்கே 50,000 கையெழுத்து சேர்த்தால் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தையே வாக்கெடுப்புக்கு இழுக்கலாம். அருமைதான். ஆனால் அதே ஊரில்தான் ஆண்கள் ஓட்டுப் போட்டுப் போட்டுப் பெண்களுக்கு 1971 வரை ஓட்டுரிமை கொடுக்காமல் வைத்திருந்தார்கள்.

இத்தனையும் சாதியில வந்து நின்னுடுதே?

நின்றுவிடுகிறது. பெரிய சாதியைப் பார்த்து வேட்பாளர் போடுவதில் நம்ம பக்கத்தில் எந்தக் கட்சியும் விலக்கில்லை. ஊராட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தும், பிரசிடெண்ட் அம்மா கையெழுத்துப் போட, வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். தனி ஊராட்சியில் தலைவர் பட்டியல் சாதிக்காரராக இருந்தால், செக்கில் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டிய துணைத் தலைவரை வைத்தே அவரை முடக்குவதும் நடக்கிறது. ஆனால் ராஜாவோ ராணுவமோ வந்தால் சாதி போய்விடும் என்று சொல்கிறவர் யார் என்று பாருங்கள், அநேகமாக அதனால் எதுவும் இழக்காதவராக இருப்பார். இட ஒதுக்கீட்டுத் தொகுதி இல்லாமல் அந்த நாற்காலியே வந்திருக்காது.

சரிங்க, என்னை மாதிரி ஆளு என்ன பண்றது? நோட்டாவா?

நோட்டா 2013-இலிருந்து இருக்கிறது, ஆனால் சட்டமன்றத் தேர்தலில் எத்தனை ஓட்டு அதற்கு விழுந்தாலும் வேட்பாளர்களில் முதலாவது வந்தவர்தான் எம்.எல்.ஏ. கோபத்தைக் காட்டலாம், அவ்வளவுதான்.

கிராமத்தில் இருந்தால் கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. பேச வராவிட்டால் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள், முணுமுணுப்பார்கள், படிக்கத்தான் வேண்டும். தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் ரிப்பேர் இரண்டு கணக்கையும் தனியாகக் கேளுங்கள், சின்னச் சின்னத் தொகையாகக் காசு ஒழுகுகிற இடம் பெரும்பாலும் அவைதான். வருகைப் பதிவு நோட்டில் கையெழுத்துப் போடும் முன் தீர்மானம் எழுதி முடித்திருக்கிறதா என்று பாருங்கள், வெறும் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு அப்புறம் நிரப்பிக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை.